குழாயடியிலிருந்து தொடங்குங்கள்



அடுத்த இதழிலிருந்து நடுவே நான்கு பக்கங்களை வாசகர்களாகிய உங்களிடம் ஒப்படைக்கிறோம். கதை, கவிதை, துணுக்கு எதுவும் வேண்டாம். நீங்கள் வாழ்ந்து, இப்போது இல்லாமல் போன ஓர் இடத்தை நினைவிலிருந்து வரைந்து அனுப்புங்கள். தோட்டத்து லயமாக இருக்கலாம். ரயில்வே கோட்டர்ஸாக இருக்கலாம். ஆற்றோரப் புறம்போக்கில் பலகையும் தகரமும் வைத்துக் கட்டிய வீடாக இருக்கலாம். கிள்ளான் கடைத்தெருவில் ஒரு மேல்மாடி அறையாகவும் இருக்கலாம். உங்கள் கோடு கோணலோ நேரோ, அப்படியே அச்சாகும். எதிர்ப்பக்கத்தில், உங்களோடு உட்கார்ந்து பேசி நம் ஓவியர் வரைந்த படம் வரும். கீழே நீங்கள் சொன்ன நாலு வரி. இவ்வளவுதான் திட்டம்.

இதை முதலில் சொன்னபோது அலுவலகத்திலேயே ஒரு கேள்வி எழுந்தது. "பழைய போட்டோ கேட்டா முடிஞ்சிருமேலா, எதுக்குப் படம்?" கேட்டவர் பக்கங்களை வடிவமைக்கும் தம்பி. போட்டோ இருந்தால் அதையும் அனுப்புங்கள், மறுக்கவில்லை. ஆனால் நம் வீட்டு அலமாரிகளில் இருக்கும் போட்டோக்கள் எவை? கல்யாணம், காதுகுத்து, ஸ்டூடியோத் திரைக்கு முன்னால் விறைப்பாக நின்ற பிள்ளைகள், அடையாளக் கார்டுக்கு எடுத்த முகம். சமையல்கட்டை யாரும் எடுக்கவில்லை. குழாயடியை எடுக்கவில்லை. லயத்துக்குப் பின்னால் ஓடிய சாக்கடையையும் அதை ஒட்டிய கோழிக்கூண்டையும் எடுக்க யாருக்குத் தோன்றும்? தோட்டத்தைப் படம்பிடித்தவர்கள் கேமரா வைத்திருந்தவர்கள்தாம்: துரைமார்களும் கம்பெனிக்காரர்களும். அவர்களுடைய படத்தில் மரத்தின் ரகம்கூட குறிப்பில் இருக்கும். மரத்தடியில் நிற்பவரின் பெயர் இருக்காது.

யோசனை முழுக்க நம்முடையது என்று சொல்லிக்கொள்ள முடியாது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் கலை வரலாறு கற்பிக்கும் ஓவியர் தா. சனாதனன் செய்த ஒரு புத்தகம்தான் எங்களைக் கிளப்பிவிட்டது. 2011-இல் வெளிவந்தது, பெயர் 'தி இன்கம்ப்ளீட் தோம்பு'. டச்சுக்காரர்கள் இலங்கையின் கடலோரத்தை ஆண்டபோது யாருக்கு எந்த நிலம் என்று எழுதி வைத்த பதிவேடுதான் தோம்பு. போரால் வீட்டை விட்டு ஓடிய வட இலங்கைத் தமிழ் பேசும் மக்களிடம் போய், இழந்த வீட்டின் தரைப்படத்தை நினைவிலிருந்து வரைந்து தரச் சொன்னார் சனாதனன். அவர்கள் வரைந்ததை ஒரு கட்டடக் கலைஞர் முறையான வரைபடமாக்கினார். பிறகு அவர்கள் சொன்ன கதையைக் கேட்டு சனாதனன் தன் கையால் ஓர் ஓவியம் தீட்டினார். ஒரே வீடு, மூன்று கை. முதல் கோட்டில் நடுக்கம், இரண்டாவதில் துல்லியம், மூன்றாவதில் கனவு. புரட்டப் புரட்ட எனக்கு முதல் கோடுதான் பிடித்துப்போனது. கிணறு எங்கே, பூவரசு எங்கே, வேலி எதுவரை என்று வீட்டுக்காரருக்குத் தெரிகிற மாதிரி எந்தக் கட்டடக் கலைஞருக்கும் தெரியாது.

இங்கே அதை அப்படியே பின்பற்ற முடியாது என்பது கொஞ்ச நாளிலேயே புரிந்துவிட்டது. அதற்குக் காரணம் இருக்கிறது. அதைத்தான் இந்தப் பக்கத்தில் உங்களிடம் சற்று விரிவாகச் சொல்ல நினைத்தேன்.

யாழ்ப்பாணத்தில் வீட்டை இழந்தவருக்கு அந்த வீடு சொந்தமாக இருந்தது. உறுதிப் பத்திரம் இருந்தது, எல்லை இருந்தது, எல்லைத் தகராறும் இருந்தது. ஆகவே அவர் வரையும்போது முதலில் வேலியைப் போட்டார், பிறகு உள்ளே போனார். கிள்ளான் பள்ளத்தாக்கில் நம் ஆட்களில் பெரும்பாலோர் பிறந்து வளர்ந்த வீடு அவர்களுடையதல்ல. லயம் கம்பெனியுடையது. கோட்டர்ஸ் அரசாங்கத்துடையது. வேலை இருக்கும்வரை வீடு. வேலை போனால், ஓய்வு பெற்றால், தோட்டம் கைமாறினால், வீடும் போகும். பாட்டி, அம்மா, மகள் என்று மூன்று தலைமுறை ஒரே வாசலில் கோலம் போட்டிருப்பார்கள். அந்த வாசலின் பேரில் ஒரு துண்டுக் காகிதமும் இருக்காது.

பிரிக்பீல்ட்ஸையே எடுத்துக்கொள்வோம். 1881-இல் கோலாலம்பூரைத் தீயும் வெள்ளமும் அடுத்தடுத்துச் சூறையாடின. பிறகு அத்தாப்பு வேய்ந்த பலகைக் கடைகள் செங்கல் கட்டடங்களாக மாறத் தொடங்கின. அதற்குச் செங்கல் சுட்ட களம் இந்த இடம். அடுத்து ரயில்வே வந்தது. பெட்டிகளைக் கோத்துப் பிரிக்கும் பெரிய யார்டு இங்கே இருந்தது. தமிழ்நாட்டிலிருந்து தண்டவாள வேலைக்கும், யாழ்ப்பாணத்திலிருந்து குமாஸ்தா வேலைக்கும் ஆட்கள் வந்தார்கள். ஸ்காட் சாலையில் கந்தசுவாமி கோயிலை எழுப்பியவர்கள் இந்த யாழ்ப்பாணத்து ஆட்கள்தாம். 1905-இல் அரசாங்க ஊழியர்களுக்காக ரொசாரியோ சாலையிலும் சான் ஆ தோங் சாலையிலும் வரிசை வீடுகள் கட்டப்பட்டன. 'ஹண்ட்ரட் கோட்டர்ஸ்' என்றால் பழைய ஆட்களுக்கு உடனே தெரியும். நூறு ஆண்டுக்கு மேல் நின்ற அந்த வீடுகள் 2010-களில் இடிக்கப்பட்டன. யார்டு இருந்த இடத்தில் 2001-இல் கேஎல் சென்ட்ரல் திறக்கப்பட்டது. 2010 அக்டோபரில் அன்றைய இந்தியப் பிரதமர் மன்மோகன் சிங்கும் நம் அன்றைய பிரதமர் நஜிப்பும் சேர்ந்து 'லிட்டில் இந்தியா'வைத் திறந்துவைத்தார்கள். வளைவுகள் வந்தன, வண்ணம் வந்தது. துன் சம்பந்தன் சாலையில் இன்று பூமாலை கட்டும் கடைக்கும் வாழையிலைச் சாப்பாட்டுக்கும் பஞ்சமில்லை. அதை நான் குறை சொல்லப்போவதில்லை. வெள்ளிக்கிழமை மாலையில் அங்கே நடக்க எனக்கும் பிடிக்கும். ஆனால் அந்தச் சாலையை இன்னமும் 'பிரிக்பீல்ட்ஸ் ரோடு' என்றே சொல்லும் பெரியவர் ஒருவர், சென்ட்ரல் நிலையத்தின் குளிர்சாதனக் கூடத்தில் நின்று, "இங்கதான் எங்கப்பா வேலை பாத்த இடம்" என்று தரையைக் காட்டும்போது, அவர் காட்டும் இடத்தில் ஒரு டோனட் கடை இருக்கிறது.

தோட்டங்களின் கதை இன்னும் வேகமானது. பெட்டாலிங் ஜெயா எழுந்தது எஃபிங்காம் தோட்டத்தின்மேல். ஷா ஆலாம், சுங்கை ரெங்கம் தோட்டம் இருந்த இடம். 1998 காமன்வெல்த் போட்டிகளுக்காக விளையாட்டரங்கம் கட்டிய புக்கிட் ஜாலிலும் தோட்டம்தான். புத்ராஜெயா எழுந்தது பிராங் பெசார் தோட்டத்தில். முதல் உலகப் போரிலிருந்து திரும்பிய பிரிட்டிஷ் அதிகாரிகள் தொடங்கிய தோட்டம் அது. பெயரே 'பெரும் போர்'தான். புதிய நிர்வாகத் தலைநகருக்கு நிலம் எடுத்தபோது அங்கிருந்த தமிழ்க் குடும்பங்கள் டிங்கில் பக்கம் குடியேற்றப்பட்டன. வேடிக்கை என்னவென்றால், அந்தத் தோட்டத்தின் பெயர் இன்றும் உலகம் முழுக்க உயிரோடு இருக்கிறது. அங்கே தேர்ந்தெடுத்து வளர்த்த ரப்பர் ரகங்களுக்கு 'பிபி' என்ற முன்னெழுத்து. பிபி 260 என்றால் கேரளத்து ரப்பர் விவசாயிக்கும் தெரியும், தாய்லாந்துக்காரருக்கும் தெரியும். மரத்தின் வம்சாவளி எண் போட்டுக் காப்பாற்றப்பட்டிருக்கிறது. மரத்தைச் சீவியவர்களின் வாசல் எந்தப் பக்கம் பார்த்திருந்தது என்பதற்குப் பதிவு அவர்களுடைய தலைக்குள்தான்.

அதனால் நம் ஆட்கள் வரையும்போது வேலியிலிருந்து தொடங்குவதில்லை. திட்டத்தை வெள்ளோட்டம் பார்க்க கிள்ளானில் ஒரு முறை சிலரைக் கூட்டினோம், பிரிக்பீல்ட்ஸில் ஒரு முறை. பசியாறி முடித்து, தாளும் பென்சிலும் கொடுத்து, "உங்க வீட்ட வரைங்க" என்று சொன்னால் கை நகரவே இல்லை. "எனக்கு வரைய வராதுங்க" என்ற ஒரே பதில். நம் ஓவியர் இளம்பெண், கெட்டிக்காரி. கேள்வியை மாற்றினார். "பாட்டி, தண்ணி எங்க புடிப்பீங்க?" அவ்வளவுதான். குழாயடியில் ஒரு புள்ளி விழுந்தது. அங்கிருந்து வீட்டுக்கு ஒரு கோடு. வழியில் யார் வீடு, எந்த நாய் குரைக்கும், எங்கே வழுக்கும், எந்த இடத்தில் குடத்தை இறக்கிவைத்து மூச்சு வாங்கலாம். கால்மணி நேரத்தில் லயம் முழுவதும் தாளில் வந்துவிட்டது. பிறகு பெரட்டுக்களம், ஆயாக்கொட்டகை, பள்ளிக்கூடம், கோயில், பால் ஸ்டோர், கள்ளுக்கடை. உடைமை இல்லாதவர்களின் வரைபடம் நடந்த வழிகளால் ஆனது என்று அன்று நோட்டில் எழுதி வைத்தேன். ரயில்வேக்காரர்களிடம் தண்ணீர்க் கேள்வி எடுபடவில்லை. அவர்களிடம், "ராத்திரி படுத்தா எந்தப் பக்கத்துல இருந்து சத்தம் வரும்?" என்று கேட்டால் போதும்.

அந்தப் பாட்டியின் படத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அடுத்த இதழில் முதலில் வரப்போவது அதுதான். கேரித்தீவுப் பக்கத்துத் தோட்டம். தாளின் நடுவே குழாயடி கோயிலைவிடப் பெரிதாக இருக்கிறது. கோயில் ஒரு முக்கோணம், அவ்வளவே. மேல் மூலையில், மேட்டின்மேல், துரை பங்களா கட்டைவிரல் நகம் அளவுக்கு. அதை நோக்கி ஒரு பாதை போகிறது. போய்ப் பாதியில் நின்றுவிடுகிறது. நம் ஓவியர் விசாரித்தார்: "அதுக்கு மேல பாதை எப்படிப் போகும் பாட்டி?" பாட்டி, "அதுக்கு மேல நான் போனதில்லையே" என்றார்.

இதை வைத்து எங்களுக்குள் நீண்ட வாதம் நடந்தது. ஓவியர் தன் படத்தில் அளவுகளைச் சரிசெய்யலாம் என்றார். அவர் தரப்பில் வலுவான நியாயம் இருக்கிறது. நாளைக்கு ஒரு பேரப்பிள்ளை இதைப் பார்த்து, லயம் எவ்வளவு குறுகலானது, ஒரே அறையில் எத்தனை பேர் படுத்தார்கள் என்று தெரிந்துகொள்ள வேண்டாமா? குழாயடியைப் பெரிதாகப் போட்டால் ஏதோ தாராளமான இடத்தில் வாழ்ந்ததுபோல் ஆகிவிடாதா? நான், பாதையை மட்டும் தொடாதீர்கள் என்றேன். மேட்டில் பங்களா, அதற்குக் கீழே கிராணி வீடு, அதற்கும் கீழே தண்டல், பள்ளத்தில் லயம் என்று தோட்டத்தின் அடுக்கை எத்தனையோ கட்டுரைகள் விளக்கியிருக்கின்றன. பாதியில் நிற்கும் அந்தப் பாதை அதையெல்லாம் ஒரே கோட்டில் சொல்லிவிடுகிறது. கடைசியில் ஓர் உடன்பாட்டுக்கு வந்தோம். வாசகர் வரைந்ததில் கை வைப்பதில்லை. ஓவியர் தன் பக்கத்தில் உண்மை அளவைக் காட்டலாம்; ஆனால் வரைந்தவர் போகாத இடத்துக்கு அவரும் போகக்கூடாது.

ரயில்வே கோட்டர்ஸ் ஒன்றில் வளர்ந்த அண்ணனும் தம்பியும் தனித்தனியே வரைந்தார்கள். அண்ணன் படத்தில் மாமரம் வாசலில், தம்பி படத்தில் கொல்லையில். மேசையிலேயே சண்டை. இரண்டையும் போடுகிறோம்.

நினைவைப் பற்றி ஆராய்ந்தவர்கள் இதற்கெல்லாம் ஆச்சரியப்பட மாட்டார்கள். கேம்பிரிட்ஜ் உளவியலாளர் பிரெடரிக் பார்ட்லெட் 1932-இல் எழுதிய புத்தகத்தில் ஒரு சோதனை வருகிறது. எகிப்தியச் சித்திர எழுத்திலுள்ள ஆந்தை உருவம் ஒன்றை ஒருவரிடம் காட்டி, எடுத்துவிட்டு, நினைவிலிருந்து வரையச் சொன்னார். அவர் வரைந்ததை அடுத்தவரிடம் காட்டி, அவரை வரையச் சொன்னார். அப்படியே கைமாறிக் கைமாறிப் போய், முடிவில் ஆந்தை கறுப்புப் பூனையாகிவிட்டது. யாரும் பொய் சொல்லவில்லை. ஒவ்வொருவரும் தனக்குப் பழக்கப்பட்ட உருவத்தின் பக்கமாக அதைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தியிருக்கிறார்கள்.

நம் தோட்டத்துக்கும் அதுதான் நடந்திருக்கிறது என்பது என் எண்ணம். தீபாவளி மலர்களிலும் நாட்காட்டிகளிலும் மேடைத் திரைகளிலும் வரும் தோட்டத்தை ஞாபகப்படுத்திப் பாருங்கள். வரிசையாக ரப்பர் மரங்கள், ஊடே சாய்வாக விழும் காலை வெயில், தலையில் துண்டு கட்டிய பெண், தோளில் கம்பு, கம்பின் இரு முனையிலும் வாளி. முன்னே வந்த படத்தைப் பார்த்துப் பின்னே வந்தவர் வரைந்து, அதைப் பார்த்து இன்னொருவர் வரைந்து, இப்போது எந்தத் தோட்டத்திலும் இல்லாத ஒரு தோட்டம் நம் எல்லோருக்கும் நினைவிருக்கிறது. மரம் சீவப் போனவர்கள் கிளம்பியது விடியுமுன் இருட்டில். கொசு. அட்டை. மழை பெய்தால் வேலையில்லை, வேலையில்லாவிட்டால் சம்பளமும் இல்லை. ஒட்டுப்பால் மூட்டையின் நாற்றம் சட்டையை விட்டுப் போகாது. இவை எதுவும் அந்தப் பொன்னிற வெயிலில் தெரியாது. ஆகவே நம் ஓவியருக்கு ஒரேயொரு தடை விதித்திருக்கிறோம்: வேறொரு தோட்டத்து ஓவியத்தைப் பார்த்து வரையக்கூடாது. சொன்னவரின் வாயும் கையும் மட்டுமே மூலம். பழுப்பேறிய பழங்கால நிறம் பூசுவதும் வேண்டாம் என்று நான் கேட்டுக்கொண்டேன். அந்தக் காலத்தில் வாழ்ந்தவர்களுக்கு உலகம் பழுப்பாகவா இருந்தது? பாட்டி தன் லயத்துக் கதவு நீலம் என்கிறார்.

போட்டோ வைத்திருப்பவர்களுக்கும் ஒரு வேலை உண்டு. 1989-இல் ஹெலீன் இன்ட்ரௌப் என்ற அமெரிக்க உளவியலாளரும் மைக்கேல் ரிச்சர்ட்சனும் ஒரு சோதனை செய்தார்கள். புகைப்படங்களைக் காட்டிவிட்டு நினைவிலிருந்து வரையச் சொன்னபோது, மக்கள் படத்தின் ஓரத்துக்கு வெளியே இருந்திருக்கக்கூடியதையும் சேர்த்தே வரைந்தார்கள். படத்தில் பார்த்ததாகவே நினைத்துக்கொண்டார்கள். ஆய்வாளர்களுக்கு அது நினைவின் பிழை. நமக்கு அது கதவு. வாசலில் நின்று எடுத்த ஒரு குடும்பப் படத்தைப் பெரியவரிடம் காட்டுங்கள். பிறகு கவிழ்த்து வைத்துவிட்டு வரையச் சொல்லுங்கள். படத்தில் இல்லாத பக்கத்து வீட்டுத் திண்ணையும், கொடியில் காயும் துணியும், ஓரமாக நின்றுகொண்டிருந்த ஆளும் வந்துவிடுவார்கள். "படம் எடுக்கறப்போ சித்தப்பா இங்கதான் நின்னாரு, கோபத்துல வரமாட்டேன்னுட்டாரு" என்று கதை வேறு கிடைக்கும். போட்டோவையும் வரைந்ததையும் சேர்த்து அனுப்புங்கள்.

சில நினைவுகள் இப்படிக் கலகலப்பாக வராது. சயாம் மரண ரயிலைப் பற்றி வரையலாமா என்று ஒரு வாசகர் தயங்கித் தயங்கிக் கேட்டார். 1942-43-இல் சயாமுக்கும் பர்மாவுக்கும் இடையே 415 கிலோமீட்டர் பாதை போட ஜப்பானியர்கள் மலாயாத் தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் தமிழர்களைக் கொண்டுபோனார்கள். அதே பாதையில் வதைபட்ட பிரிட்டிஷ் கைதிகளில் ஓவியர்கள் இருந்தார்கள். ரொனால்ட் சியர்ல் தன் படங்களைக் காலரா நோயாளிகளின் படுக்கைக்கு அடியில் ஒளித்துக் காப்பாற்றினார். அவை இன்று லண்டன் போர் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. ஜாக் சாக்கர் முகாம் மருத்துவமனையின் புண்களையும் எலும்பும் தோலுமான உடல்களையும் வரைந்தார். நம் பக்கத்து நினைவு வாய்ப்பேச்சாக வீடுகளுக்குள் இருந்தது, பிறகு ஆர். சண்முகத்தின் 'சயாம் மரண ரயில்', அ. ரெங்கசாமியின் 'நினைவுச் சின்னம்' என்று நாவலாக வந்தது. போனவர்கள் வரைந்து தரும் காலம் கடந்துவிட்டது. ஆனால் திரும்பி வந்த தாத்தா திண்ணையில் உட்கார்ந்து என்ன சொன்னார், எதைச் சொல்லாமல் விட்டார், சோற்றை எப்படிச் சாப்பிட்டார் என்பது பேரனுக்குத் தெரியும். அந்தத் திண்ணையை வரையுங்கள். பார்க்காத சயாமை வரைய வேண்டாம்.

இதில் எங்களுக்கு வழிகாட்டி ஹிரோஷிமா. 1974-இல் ஒரு முதியவர், அணுகுண்டு விழுந்த அன்று தான் கண்டதை வரைந்து எடுத்துக்கொண்டு அந்த ஊர் என்எச்கே ஒளிபரப்பு நிலையத்துக்குப் போனார். நிலையம் மற்றவர்களையும் அனுப்பச் சொன்னது. அடுத்த ஆண்டுக்குள் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட படங்கள் வந்து சேர்ந்தன. அனுப்பியவர்கள் தொழில்முறை ஓவியர்கள் அல்லர். பலர் படத்தின் மேலேயே எழுதியிருந்தார்கள்: நேரம், இடம், யார் என்ன கேட்டார் என்பது உட்பட. நீங்களும் படத்தின் மேலேயே எழுதலாம். அழகு கெட்டுவிடுமோ என்று பார்க்காதீர்கள். வரையவே மனம் வராத நினைவென்றால் விட்டுவிடுங்கள். யாரும் யாரையும் வற்புறுத்த வேண்டாம், குறிப்பாகப் பிள்ளைகள் தாத்தா பாட்டியை.

"கண்ணு சரியாத் தெரியல, கை நடுங்குது" என்பவர்களுக்கு மனோகர் தேவதாஸைப் பற்றிச் சொல்ல ஆசை. மதுரைக்காரர், 1936-இல் பிறந்தவர். பார்வையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறுக்கிவிடும் விழித்திரை நோய் அவருக்கு. அப்படியும் தன் சிறுவயது மதுரையை, கோபுரமும் தெப்பக்குளமும் தெருவும் கிணறுமாக, கறுப்பு மையில் நுணுக்கி நுணுக்கி வரைந்து புத்தகங்களாக்கினார். 2022 டிசம்பரில் மறைந்தார். அவர் அளவுக்கு நம்மால் முடியாதுதான். ஆனால் கண்ணில் குறைந்தது நினைவிலும் குறைய வேண்டும் என்பதில்லை.

நம் நாட்டுக் கேலிச்சித்திரக்காரர் லாட்டைச் சொல்லாமல் இந்தப் பேச்சை முடிக்க முடியுமா? 1979-இல் 'கம்போங் பாய்' வந்தபோது அவருக்கு வயது முப்பதுகூட ஆகவில்லை. பேராக் கம்பத்தில் கழிந்த பிள்ளைப்பருவத்தைக் கறுப்புக் கோடுகளில் கொட்டி வைத்தார். ஈய வயல், ஆற்றுக் குளியல், பிள்ளைப்பேறு பார்க்கும் பாட்டி, ஓதப் போகும் பையன்கள் என்று எல்லாம் ஒரு சிறுவனின் உயரத்திலிருந்து பார்த்தவை. அந்தப் புத்தகத்தைப் புரட்டும்போதெல்லாம் எனக்குப் பொறாமையாக இருக்கும். தோட்டத்துப் பையனுக்கும் கோட்டர்ஸ் பெண்ணுக்கும் அப்படி ஒன்று வேண்டும். ஒரே ஆள் செய்ய வேண்டும் என்பதில்லை. ஊர் கூடியும் செய்யலாம்.

கிள்ளான் வாசகர்களுக்கு ஒரு தனி வேண்டுகோள். 1961-இல் திறந்த கோத்தா பாலம் ஞாபகமிருக்கும்: மேல்தட்டில் வாகனம், கீழ்த்தட்டில் நடப்பவரும் சைக்கிளும். அந்தக் கீழ்த்தட்டில் பள்ளிக்கோ சந்தைக்கோ நடந்தவர்கள், அங்கிருந்து பார்த்தால் ஆறு எப்படித் தெரிந்தது, மேலே லோரி போனால் தலைக்கு மேல் என்ன சத்தம் கேட்டது என்று எழுதியும் வரைந்தும் அனுப்புங்கள். வெள்ளோட்டத்தில் மூன்று பேர் அதைத் தொட்டார்கள். மூன்றும் வெவ்வேறு பாலமாக இருக்கின்றன. போதுமான படங்கள் சேர்ந்தால் ஓர் இதழின் நடுப்பக்கங்கள் முழுவதையும் பாலத்துக்கே கொடுத்துவிடலாம் என்றிருக்கிறோம்.

இனி நடைமுறை. எந்தத் தாளானாலும் சரி, நாட்காட்டியின் பின்பக்கமும் சரி. பென்சில் என்றால் அழுத்தமாக வரையுங்கள், இல்லாவிட்டால் அச்சில் மங்கிவிடும். அளவுகோல் வேண்டாம். தோட்டத்துக்கு ஆங்கிலப் பெயர் ஒன்றும் நம் ஆட்கள் வைத்த பெயர் ஒன்றும் இருந்தால் இரண்டையும் எழுதுங்கள். எந்த வயதில் அங்கே இருந்தீர்கள் என்பதும் தேவை. ஆறு வயதுக்காரருக்கும் இருபது வயதுக்காரருக்கும் ஒரே லயம் வேறு வேறு லயம். மற்றவர்களின் முழுப்பெயரை வெளியிட மாட்டோம். 'கோடி வீட்டு அக்கா', 'சைக்கிள்காரண்ணன்' என்று போட்டால் போதும். அஞ்சலில் அனுப்புவோருக்கு மூலப்படத்தைத் திருப்பி அனுப்பிவிடுவோம். புலனத்தில் அனுப்புவோர் பகல் வெளிச்சத்தில், நிழல் விழாமல் படமெடுங்கள். எண்ணும் முகவரியும் கடைசிப் பக்கத்தில். வர முடியாத பெரியவர்கள் இருந்தால் எழுதுங்கள். கிள்ளான், காப்பார், பந்திங், செந்தூல் பக்கமென்றால் நம் ஓவியரே தாளும் பென்சிலுமாக வீட்டுக்கு வருவார். தே தாரிக்கில் சீனி மட்டும் குறைவாகப் போடச் சொன்னார்.

அன்புடன்,
ஆசிரியர்